பேஸ் காணாது

தம்பலகாமத்தில் வயல் இல்லாத குடும்பங்கள் குறைவு. அந்தக் குறைவில் எங்கள் வீடும் ஒன்று. ஊர் சாப்பிடும் சோற்றுக்குக் கந்தளாய்க் குளம் தண்ணீர் விடுகிறது. நான் சாப்பிடும் சோற்றுக்கு எங்கள் சவுண்ட் முதலாளி கொயில் எரிக்கிறார். குளம் கட்டிய குளக்கோட்டனைப் பாடக் கவிராசவரோதயர் இருந்தார், கோணேசர் கல்வெட்டு வந்தது. முதலாளியைப் பாட இதுவரை ஒருவரும் வரவில்லை. அவர் எரித்ததைத் திருத்தியே இத்தனை வருடம் அடுப்பு மூட்டியவன் நான். பாட்டு வராது, வசனத்தில் புகழ்ந்துவிடுகிறேன்.

முதலாளி என்றதும் வயதான ஆள் என்று நினைத்துவிட வேண்டாம். என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். என்னை ‘அண்ணன்’ என்பார், நான் ‘தம்பி’ என்பேன். ஒரு சின்ன லொறி, ஒரு ஜெனரேற்றர், இசைக்குழு ஒன்றுக்குப் போதுமான மிக்ஸர், அம்ப், மேல் பெட்டிகள், பேஸ் என்கிற தடித்த சத்தத்துக்காகக் கீழே வைக்கப் பதினெட்டு அங்குல சப் நாலு. கலியாணம், சாமத்திய வீடு, விளையாட்டுக் கழகத்தின் இசை இரவு, எதுவானாலும் கள்ளிமேட்டிலிருந்து பட்டிமேடு வரை அவர்தான். பாட்டுக்காரர் மேடை ஏறுமுன், கீபோட்காரர் வயர் செருகுமுன், சனம் வந்து கதிரையில் உட்காருமுன், வெறும் மேடையைப் பார்த்து அவர் சொல்லும் முதல் வார்த்தை ஒன்று உண்டு: “பேஸ் காணாது.” இன்னும் சத்தமே வராத பெட்டியில் சத்தம் குறைவு என்று கண்டுபிடிக்கிற ஞானம் எல்லோருக்கும் வாய்க்காது.

அந்த ஞானத்தின் அருமை விளங்க, பெட்டிக்குள் கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும். பின்னால் ஒரு பெரிய காந்தம். அதன் நடுவே வட்டமாக ஒரு ஒடுங்கிய வெட்டு. அந்த வெட்டுக்குள் செப்புக் கம்பி சுற்றிய ஒரு குழல், நாலு அங்குல விட்டம். அதுதான் கொயில். அது முன்னும் பின்னும் தள்ளுகிற கூம்பு கோன், அதை நடுவில் பிடித்து நிறுத்துகிற துணி ஸ்பைடர். காந்தச் சுவருக்கும் கம்பிக்கும் நடுவில் ஒரு மில்லிமீற்றர்கூட இராது. 1925இல் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் கம்பனியில் வேலை செய்த ரைஸ், கெலொக் என்ற இருவர் இந்த அமைப்பைக் கணக்குப் போட்டு எழுதி வைத்தார்கள். நூறு வருடமாகியும் அதன் சுபாவம் மாறவில்லை. நூறு வாட் கொடுத்தால் நாலைந்து வாட்தான் சத்தமாக வெளியே வரும், மிச்சமெல்லாம் கொயிலில் சூடாக நிற்கும். சுருக்கமாகச் சொன்னால், சப் என்பது பாடத் தெரிந்த ஒரு ஹீற்றர். நாங்கள் விவரமில்லாமல் அதைப் பாட்டுக்கு என்று வைத்திருக்கிறோம். அதன் உண்மையான தொழிலை மதித்து நடத்துகிறவர் முதலாளி ஒருவர்தான்.

சூடேறினால் செம்பின் மின்தடை கூடும், பாகைக்கு 0.4 சதவீதம் அளவில். ஒரு மணித்தியாலம் விடாமல் அடித்துக் கொயில் 200 பாகை ஏறிவிட்டதென்றால் தடை ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்கு. அம்பிலிருந்து வருகிற கரண்ட் குறையும், சத்தம் தளரும். ஸ்பீக்கர் கைகூப்பிக் கும்பிடுகிற இடம் இது. ஆனால் முதலாளியின் காதில் அந்தக் கும்பிடு “பேஸ் காணாது” என்றுதான் விழும். உடனே இன்னும் ஒரு சுற்று ஏற்றுவார். நடை தளர்ந்த பிள்ளையின் தலையில் இன்னொரு நெல்மூட்டையை வைத்து நடக்கப் பழக்குகிற தகப்பனுக்கு இருக்கிற உறுதி அது. எனக்கு அது வராது. அதனால்தான் நான் திருத்துகிறவனாகவே இருக்கிறேன், அவர் முதலாளியாக இருக்கிறார்.

ஈக்குவலைசரில் அவர் கைவண்ணம் தனி. இடது பக்கத்துப் பல்லெல்லாம் கூரையைத் தொட்டு நிற்கும். ஒரு பல்லை 12 டெசிபல் உயர்த்தினால் அந்த அலைவரிசையில் அம்பிடம் 16 மடங்கு வலு கேட்கிறோம் என்று ஒருநாள் எடுத்துச் சொன்னேன். “பதினாறு மடங்கோ!” என்று அவர் முகம் மலர்ந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ்க என்று கலியாண வீட்டில் பெரியவர்கள் வாயால் வாழ்த்துகிறார்கள். அதை மின்சாரத்தில் நிறைவேற்றிக் கொடுத்தவர் எங்கள் முதலாளி.

அம்பின் முகப்பில் கிளிப் என்று ஒரு சிவப்பு விளக்கு இருக்கிறது. என்னால் முடிந்தது இவ்வளவுதான், இனி அலையின் தலையை வெட்டித்தான் தருவேன் என்று அம்ப் சொல்கிற விளக்கு. தலை வெட்டுப்பட்ட அலையில் பாட்டைவிடச் சூடு அதிகம். 1000 வாட் அம்ப் அந்த நிலையில் ஏறக்குறைய இரட்டிப்பைப் பிழிந்து கொயிலில் ஊற்றும். முதலாளிக்கு அது கார்த்திகை விளக்கீடு. ஒரு நிகழ்ச்சியில் அது எரியவில்லையென்றால், பல்ப் போய்விட்டதோ என்று அடுத்த நாளே அம்பைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வருவார். ஜெனரேற்றர் இளைத்து 230 வோல்ட் 180க்கு இறங்கினால் சாதாரண அம்பின் வலு அறுபது சதவீதத்துக்கு வந்துவிடும், சிவப்பு விளக்கு இன்னும் வேளைக்கே எரியும். அப்படியான இரவுகளில் அவர் முகத்தில் ஒரு நிறைவு தெரியும்.

எழுத்தறிவிலும் குறைந்தவரல்ல. ஸ்பீக்கரின் பின்புறம் மூன்று இலக்கம் போட்டிருப்பார்கள்: தொடர்ந்து தாங்கும் வலு, அதன் இரட்டிப்பு, கண்ணிமைக்கும் நேரம் மட்டும் தாங்கும் நாலு மடங்கு. முதலாளி பெரிய எழுத்தில் இருப்பதைத்தான் வாசிப்பார். சின்ன எழுத்தை வாசிப்பது சின்ன மனிதர்களின் குணம்.

பியூஸ் விஷயத்தில் அவர் கண்டுபிடிப்பு இந்த மாவட்டத்துக்கே பெருமை. அம்பின் பியூஸ் அடிக்கடி போய்க் கரைச்சல் கொடுத்தது. மற்றவர்களென்றால் ஏன் போகிறது என்று தேடி நேரத்தை வீணாக்கியிருப்பார்கள். அவர் சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் வெள்ளித்தாளை எடுத்து, வடிவாக நீவி, எரிந்த பியூஸின் மேல் இரண்டு சுற்றுச் சுற்றிச் செருகினார். அன்றைக்குப் பிறகு பியூஸ் போனதே கிடையாது. மற்றது எல்லாம் போயிருக்கிறது, பியூஸ் மட்டும் போகவில்லை.

ஒருமுறை எனக்கும் புத்தி பேதலித்து, அவருக்கு ஒரு லிமிட்டர் வாங்கிப் பொருத்திக் கொடுத்தேன். இவ்வளவுக்கு மேல் போகாதே என்று அம்புக்கு முன்னால் நின்று மறிக்கிற கருவி. கூடவே 30 ஹேர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டிவிடவும் அதில் வழி இருந்தது. வாய் வைத்த பெட்டியில், அந்த வாய்க்கென்று அமைத்த சுருதிக்குக் கீழே இறங்கினால் கோனைத் தாங்கிப் பிடிக்க உள்ளே காற்று இராது. காதுக்கு ஒன்றும் கேட்காது, கோன் மட்டும் பேய் பிடித்ததுபோல் முன்னும் பின்னும் ஓடும். பாட்டுக்காரர் மைக்கைக் கீழே போடுவது, மேடைப் பலகையில் துள்ளுவது, கீபோட் வயரைச் சத்தம் குறைக்காமல் இழுப்பது, இதெல்லாம் அந்தப் பள்ளத்தில்தான் விழும். கொயிலின் குழல் பின்தகட்டில் போய் ‘டக்’ என்று இடிக்கும். நாலு இடி இடித்தால் குழல் நெளிந்துவிடும், அதன் பிறகு எந்தப் பாட்டு வந்தாலும் கரகரப்புத்தான்.

லிமிட்டர் ஒரு கலியாண வீட்டுக்குப் போய் வந்தது. “அண்ணன், இது பேஸைக் குடிக்குது” என்றார். கழற்றிவிட்டார். ஆனாலும் வாங்கிக் கொடுத்தவனின் மனம் நோகக் கூடாது என்று அதை இன்னும் கூடவே கொண்டு திரிகிறார். மிக்ஸர் மேசையின் ஒரு கால் கட்டை, அதற்குக் கீழே சரியாகப் பொருந்துகிறது. மேசை ஆடுவதில்லை. பாதுகாப்புக் கருவி ஒன்றை இவ்வளவு பாதுகாப்பாகப் பயன்படுத்தியவரை நான் கண்டதில்லை.

ஆதி கோணநாயகர் கோயிலுக்கு மேளம் வாசிக்க வருகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு இரக்கமாக இருக்கும். 1624இல் போர்த்துக்கேயர் திருக்கோணேச்சரத்தை இடித்த பிறகு சுவாமி எங்கள் ஊரில் வந்து அமர்ந்தார் என்பது நாங்கள் வழிவழியாகச் சொல்லும் வரலாறு. இன்ன குடிக்கு இன்ன தொழும்பு என்று வகுத்து வைத்த ஊர் இது. தவில்காரர் பலாக்கட்டையைத் துடைப்பார். விரல்களில் கூடு மாட்டி ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பார். தோல் எவ்வளவு இறுக்கம் தாங்கும் என்று அவருக்குத் தெரியும். வாசித்து முடிந்ததும் உறை போட்டு, பிள்ளையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு போவார். தவிலின் மேல் ஒருவரையும் உட்கார விடமாட்டார். எவ்வளவு பின்தங்கிய வாழ்க்கை!

முதலாளியின் சப் அப்படி அடக்கி ஒடுக்கி வளர்ந்ததல்ல. அது கதிரை, சோற்றுப் பார்சல் வைக்கும் மேசை, பொடியன்கள் ஏறி ஆடும் மேடை. மழையில் நனையும், ஊறிய பலகை வெயிலில் காய்ந்து அப்பம்போல் விளிம்பு விரியும். ஒரு பெட்டியின் வாய்க்குள் கைவிட்டு நான் வெளியே எடுத்தவை இவை: சோடாப் போத்தல் இரண்டு, ஒற்றைச் செருப்பு, யாரோ சின்னப் பிள்ளையின் கிலுகிலுப்பை, மூன்று குஞ்சுகளோடு ஒரு எலி. எலி ஸ்பைடரின் துணியைக் கத்தரித்து மெத்தை போட்டிருந்தது. அந்தக் கிலுகிலுப்பைதான் எத்தனையோ பாட்டுகளுக்குக் கூடுதல் தாளம் போட்டிருக்கிறது. அந்தக் குழுவில் தாளம் தவறாத ஒரே ஆள் அதுவாக இருந்திருக்கலாம்.

முதலாளி தனியாக இவ்வளவு உயரத்துக்கு வந்துவிட்டார் என்றால் ஊருக்குச் செய்த துரோகம். அவருக்குப் பின்னால் ஒரு பண்பாடே நிற்கிறது. வீட்டுக்காரர் வெற்றிலைத் தட்டோடு வந்து, “தம்பி, காசு குடுத்தது கேக்கிறதுக்குத்தானே” என்பார். மாப்பிள்ளையின் கூட்டாளிகள் பெட்டிக்கு முன்னால் நெஞ்சைக் கொடுத்து நின்று, சட்டை துடிக்கவில்லை என்று முறைப்பாடு வைப்பார்கள். 100 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு 15 நிமிடத்துக்கு மேல் நிற்கக் கூடாது என்று காது பற்றிய கணக்கு ஒன்று இருக்கிறது. எங்கள் ஆட்கள் ஐந்து மணித்தியாலம் நிற்பார்கள். இரண்டாவது மணித்தியாலத்தில் காது மரத்துப்போகும். மரத்த காதுக்கு எந்த பேஸும் காணாதுதான். ஆக, முதலாளியின் வார்த்தை ஒருநாளும் பொய்த்ததில்லை. ஊர்ச் சனத்தின் உள்ளக்கிடக்கையை அவர் வாயால் சொல்கிறார், அவ்வளவே.

எங்கள் ஊர் மேடும் திடலுமாக வயலுக்கு நடுவில் கிடப்பது அவருக்கு இன்னொரு பாக்கியம். தண்ணீர் நிற்கிற வயலின் மேல் இரவுக் குளிர் இறங்கினால் சத்தம் மேலே போகாமல் வளைந்து தரையோடு ஓடும். பட்டிமேட்டில் அடித்தால் சிப்பித்திடலில் யன்னல் நடுங்கும். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கும் நோயாளிகளுக்கும் கலியாண வீட்டுக்குப் போக முடியாத குறையே தெரியாது. ஒரு சதம் வாங்காமல் செய்கிற தொண்டு இது.

சட்டத்துக்கும் அவர் மதிப்புக் கொடுப்பவர். 2007 நவம்பரில் உயர் நீதிமன்றம் இரவு 10 மணிக்கும் காலை 6 மணிக்கும் இடையில் ஒலிபெருக்கிக்கு அனுமதி கொடுப்பதைக் கட்டுப்படுத்தியது. சனத்தின் தூக்கத்துக்காகச் சொன்ன தீர்ப்பு அது. ஸ்பீக்கர்களும் அதனால் பிழைத்தன என்பது வழக்கில் இல்லாத விஷயம். முதலாளி பத்து மணிக்கு நிறுத்திவிடுவார். அந்தக் கட்டுப்பாட்டுக்கு ஈடாக ஒன்பதே முக்காலிலிருந்து பத்து வரை, மிச்ச இரவு முழுவதையும் அடித்து முடிப்பார். எனக்கு வரும் கொயில்களில் பாதி அந்தக் கால் மணித்தியாலத்தில் பிறந்தவை.

எனக்குக் கஷ்டகாலமும் வந்ததுண்டு. 2022இல் மார்ச் மாதக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. ஜெனரேற்றருக்கு ஊற்ற டீசல் இல்லை. 200 ரூபாய்க்கு நின்ற டொலர் இரண்டு மாதத்தில் 360ஐத் தாண்டியது, கோனும் கொயிலும் சேர்ந்த கட்டு ஒன்றை வாங்க நாலு மூட்டை நெல் விற்க வேண்டும் என்ற நிலை. நாடே முடங்கிய அந்த மாதங்களில் முதலாளியின் நாலு சப்பும் நலமாக இருந்தன. நான் பொருத்திக் கொடுத்த லிமிட்டரால் செய்ய முடியாததை நாட்டின் வங்குரோத்து செய்து காட்டியது. என் வீட்டில்தான் பாண் பாதியாகக் குறைந்தது. ஒரு நல்ல மனிதர் எரிக்காமல் விட்டால் இன்னொருவர் வயிறு எரியும் என்பது அப்போதுதான் விளங்கியது.

திருத்துகிற வேலை ஒன்றும் பெரிய வித்தையல்ல, பொறுமைதான். பழைய கோனை விளிம்போடு வெட்டி எடுத்தவுடன் எரிந்த வார்னிஷ் மணம் வீடு முழுக்கப் பரவும். குசினியில் இருக்கிற மனைவிக்கு அந்த மணத்திலேயே யார் வந்திருக்கிறார் என்று தெரிந்துவிடும். காந்த வெட்டுக்குள் விழுந்த கரியையும் செப்புத் துகளையும் ஒட்டும் நாடாவை மடித்து விட்டு ஒற்றி ஒற்றி எடுக்க வேண்டும். ஒரு துகள் தங்கினாலும் புதுக் கொயில் உரசும். பிறகு கொயிலைச் சுற்றி மெல்லிய தகடு செருகி நடுவில் நிறுத்தி, ஸ்பைடருக்குப் பசை, கோனுக்குப் பசை, ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, தகட்டை இழுத்து, கடைசியில் தூசி மூடி. இரண்டு கையையும் விரித்துக் கோனை மெதுவாக அமத்திக் காது வைத்தால் ஒன்றும் கேட்கக் கூடாது. மீற்றரில் வைத்தால் ஐந்தரை, ஆறு ஓம் காட்ட வேண்டும். எங்கள் ஊரில் ‘ஓம்’ என்றால் சம்மதம். மீற்றர் ஓம் சொன்னால் உயிர் வந்துவிட்டது என்று அர்த்தம்.

போன கச்சான் காலத்தில் ஒருநாள் முதலாளி, நான் ஒரு கிழமைக்கு முன் திருத்திக் கொடுத்த பெட்டியோடும் அதன் சோடியோடும் வந்து இறங்கினார். முகம் சரியில்லை.

“அண்ணன், இந்த முறை உங்கட வேலை சரியில்லை. ரெண்டையும் சேத்துப் போட்டா பேஸே இல்லை. ஒண்டைக் கழட்டினாத்தான் கொஞ்சம் கேக்குது.”

மீற்றரில் வைத்தேன். இரண்டும் ஓம் என்றன. அமத்திப் பார்த்தேன், உரசல் இல்லை. மேசையிலிருந்த ஒன்பது வோல்ட் பற்றரியை எடுத்து ஒரு பெட்டியின் வயர் முனைகளில் தொட்டேன். கோன் முன்னால் வந்தது. மற்றதில் தொட்டேன், பின்னால் போனது. அவருடைய பொடியன் ஒரு பெட்டியில் சிவப்பைக் கறுப்பிலும் கறுப்பைச் சிவப்பிலும் கொழுவியிருக்கிறான். ஒன்று காற்றைத் தள்ள மற்றது அதே காற்றை இழுக்க, இரண்டும் சேர்ந்து உழைத்து ஒன்றையொன்று விழுங்கிக்கொண்டிருந்தன. சரியாகக் கொழுவினால் பக்கத்தில் பக்கத்தில் வைத்த இரண்டு பெட்டி ஒரு பெட்டியைவிட 6 டெசிபல் கூடத் தரும் என்றும், அப்படியே வைத்துக்கொண்டு மிக்ஸரைக் குறைத்துவிடலாம், கொயிலுக்கு ஆயுள் கூடும் என்றும் சொன்னேன். அவர் முதல் பாதியை மிகக் கவனமாகக் கேட்டார். வயரை மாற்றிக் கொடுத்தேன். இதற்கென்ன காசு என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

அடுத்த மாதம் லொறி திரும்பி வந்தது. முதலாளி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அண்ணன், இந்தக் கைக்குத் தங்கக் காப்புப் போட வேணும். நீங்க வயரை மாத்தின பிறகு அது அடிச்ச அடி! அப்பதான் யோசிச்சன், ரெண்டு இப்பிடி அடிச்சா நாலையும் ஒரே அம்பில கொழுவினா எப்பிடி இருக்கும் எண்டு.”

எட்டு ஓம் பெட்டி நாலைச் சமாந்தரமாகக் கொழுவினால் அம்புக்குத் தெரிவது இரண்டு ஓம். பாவம், அரை மணித்தியாலம் தாங்கியிருக்கிறது. பிறகு அதன் டிரான்சிஸ்டர்கள் உருகிச் சேர்ந்து நேர்மின்னை அப்படியே கொயில்களுக்குள் விட்டிருக்கின்றன. பியூஸ் போகவில்லை. வெள்ளித்தாள் நல்ல தரம்.

பொடியன்கள் நாலு பெட்டியையும் முற்றத்தில் இறக்கினார்கள். ஒவ்வொன்றாக மீற்றரில் வைத்தேன். ஒன்றும் ஓம் சொல்லவில்லை. மணம் உள்ளே போயிருக்க வேண்டும், குசினிக்குள்ளிருந்து மனைவி “எத்தினை?” என்று கேட்டாள்.

“நாலு.”

அன்றைக்கு முதலாளிக்கு வந்த தேத்தண்ணியில் சீனி கொஞ்சம் கூடுதலாக இருந்தது.